கட்டைவிரல் கணக்கு

பெண்டாட்டியை எந்தக் குச்சியால் அடிக்கலாம்? சிரிக்காதீர்கள், கோர்ட்டிலேயே அலசப்பட்ட கேள்வி! 1868-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில், மனைவியை மூன்று அடி அடித்தவனை, ‘கட்டைவிரலைவிட மெலிசான குச்சிதானே’ என்று கீழ்க்கோர்ட் விட்டுவிட்டது. எதற்கு அடித்தான்? அவள் ஏதோ சொன்னாளாம். என்ன சொன்னாள் என்பது சாட்சிக்கு ஞாபகமில்லை! குச்சியின் பருமன் முக்கியமில்லை என்றது மாநில உச்ச நீதிமன்றம். ஆஹா என்கிறீர்களா? பொறுங்கள்... அற்ப விஷயத்துக்கெல்லாம் குடும்பத்துக்குள் தலையிட மாட்டோம் என்று சொல்லி, அதுவும் அவனை விட்டுவிட்டது.

1874-ல் இன்னொருவன். குடித்துவிட்டு வந்து, இறைச்சியில் புழு என்று கத்தி, இரண்டு குச்சிகளால் விளாசியிருக்கிறான். மனைவியை அடிக்கக் கணவனுக்கு உரிமையே இல்லை என்று அதே நீதிமன்றம் இப்போது ஒப்புக்கொண்டது. கையோடு, நிரந்தரக் காயமோ கொடூரமோ இல்லாவிட்டால் திரையை இழுத்து மூடி, அவர்களே மறந்து மன்னித்துக்கொள்ள விடுவது நல்லது என்றும் எழுதிவைத்தது. திரைக்குப் பின்னால் நடந்ததுதானே வழக்கே!

அவனுக்கு அபராதம் 10 டாலர்.