எழுத்துக்கு ஒரு ஜாகீர்

பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் மேற்கெல்லையில், கள்ளக்குறிச்சியிலிருந்து நோக்கினால் நீலத் திரைபோல் தோன்றும் கல்வராயன் மலை, நாடு விடுதலையடைந்து இருபத்தொன்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே ஜாகீர்தாரியிலிருந்து விடுபட்டது. 1947இல் கீழே சமவெளியில் கொடியேறிற்று. மேலே மூன்று ஜாகீர்தார்களின் அதிகாரம் 1976 வரை நீடித்தது. அங்கு வாழும் பழங்குடியினரை மலையாளிகள் என்பர். கேரளத்தார் என்று மயங்க வேண்டாம். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தோர் என்று சொல்லிக்கொள்ளும் தமிழ் பேசும் மக்கள் அவர்கள். காட்டைத் திருத்தினார்கள், சாமையும் தினையும் விதைத்தார்கள். ஆயினும் திருத்திய நிலம் தம்முடையது என்று காட்ட ஒரு துண்டுக் காகிதமும் அவர்களிடம் இருந்ததில்லை. ஜாகீர்தாருக்கு வரி கொடுக்கவும், அழைத்தபோது கூலியின்றி உழைக்கவும் கடமைப்பட்டிருந்தனர். ஜாகீர் ஒழிந்த பின்னும் பட்டாவுக்கு அலைந்த குடும்பங்கள் பல. அது தனியே எழுத வேண்டிய வரலாறு.

அதே 1976ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், அமெரிக்காவிலே இருபது வயது இளைஞர் ஒருவர் பகிரங்கக் கடிதம் ஒன்று எழுதினார். பில் கேட்ஸ் என்பது அவர் பெயர். முந்திய ஆண்டுதான் தம் நண்பருடன் சேர்ந்து மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். தாங்கள் எழுதிய 'பேசிக்' என்னும் கணினி நிரலைப் பலரும் விலை கொடாமல் படியெடுத்துக் கொள்கிறார்கள், இது திருட்டு என்பது அவர் முறையீடு. கூலியின்றி யார் இத்தகைய வேலையைச் செய்வார் என்றும் கேட்டார். நியாயமான கேள்விதான்! எனினும் அதுகாறும் கணினி உலகில் நிலவிய வழக்கம் வேறு. 1969இல் ஐ.பி.எம். நிறுவனம் நிரல்களுக்குத் தனி விலை கூறப்போவதாக அறிவிக்கும் வரை, அவை பெரும்பாலும் பொறியோடு சேர்ந்தே வந்தன. கற்றோர் நிரலைப் படித்தனர். பிழை கண்டால் திருத்தினர். திருத்தியதைப் பிறர்க்கும் அனுப்பினர். மலையில் ஒரு ஜாகீர் முடிந்த ஆண்டில் அங்கே வேறொரு ஜாகீருக்குச் சாசனம் எழுதப்பட்டது என்று நான் சொன்னால் சிலர் மிகை என்பர். முழுவதும் படித்துவிட்டு அவர்களே தீர்ப்புக் கூறட்டும்.

ஹகீம் எழுதித் தரும் மருந்துச் சீட்டு ஒன்று. அதன்படி கிண்டி டப்பாவில் அடைத்து விற்கும் லேகியம் மற்றொன்று. சீட்டு கையிலிருந்தால் நாமும் கிண்டலாம், நோயாளிக்கேற்ப ஒரு சரக்கைக் கூட்டலாம், குறைக்கலாம். டப்பா மட்டும் இருந்தால் விழுங்கலாம், அவ்வளவே. மென்பொருளிலும் இவ்விரண்டு உண்டு. மனிதன் படித்தறியத்தக்க வடிவில் இருப்பது மூலநிரல். பொறி மட்டுமே அறியும் வடிவில் கடையில் விற்பது மற்றது. 1976க்குப் பின் வந்த வணிகம் மூலநிரலைப் பூட்டி வைத்தது. காசு கொடுத்தவருக்கும் உடைமை கிடைக்கவில்லை. பயன்படுத்த ஓர் அனுமதி மட்டுமே கிடைத்தது.

இதனை எதிர்த்து எழுந்தவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய அவர், அங்கிருந்த அச்சுப்பொறி ஒன்றின் நிரலைச் செப்பனிட விரும்பினார். மூலநிரலைத் தர மறுத்துவிட்டார்கள். அந்த மறுப்பு அவர் வாழ்க்கையைத் திருப்பிற்று. 1983 செப்டம்பரில் 'குனூ' என்னும் திட்டத்தை அறிவித்தார். 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவினார். 1989இல் பொது உரிமம் ஒன்றை வகுத்தளித்தார். 1991இல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய லினக்ஸ் கருநிரல் அடுத்த ஆண்டே அவ்வுரிமத்தின் கீழ் வந்தது. பிறகு 1998இல் 'திறமூலம்' என்ற பெயரும் புழக்கத்துக்கு வந்தது.

அவ்வுரிமம் சொல்வது என்ன? எவரும் பயன்படுத்தலாம், படித்தறியலாம், படியெடுத்து வழங்கலாம், திருத்தித் திருத்தியதையும் வழங்கலாம். நிபந்தனை ஒன்றுதான்: பிறர்க்கு வழங்குகிறவர் தமக்குக் கிடைத்த அதே உரிமைகளை அவர்க்கும் அளித்தாக வேண்டும். அரபு மதரஸாவில் ஓதியவர்க்கு இது புதிதாகத் தோன்றாது. உஸ்தாத் தம் மாணவருக்கு வழங்கும் இஜாஸத், கற்றதைத் தம்மிடமே வைத்துக்கொள்ளக் கொடுப்பதன்று. மேலும் கற்பிக்கக் கொடுப்பது. பொதுவுக்கு விட்டதை மீண்டும் ஒருவர் வளைத்துக்கொள்ள இயலாதவாறு காத்ததில் அவ்வுரிமம் வக்ஃபையும் ஒத்திருக்கிறது. ஒரு வேறுபாடும் உண்டு. வக்ஃபை விற்க இயலாது. கட்டற்ற மென்பொருளை விலைக்கு விற்கத் தடையில்லை. ஆங்கிலச் சொல் விடுதலையையும் விலையின்மையையும் ஒன்றாகக் குழப்புகிறது. அரபியில் 'ஹுர்ர்' வேறு, 'மஜ்ஜானி' வேறு. தமிழிலும் 'கட்டற்ற' என்பது வேறு, 'இலவசம்' என்பது வேறு. நம் இரு மொழிகளுக்கும் இவ்விடத்தில் தெளிவு அதிகம்.

இங்கே நம் குடும்பங்களில் அடிக்கடி எழும் ஒரு மஸ்அலாவைத் தொடாமல் மேலே செல்வது முறையன்று. 'அந்தக் கம்பெனிகள் கொள்ளை விலை கேட்கின்றன. ஆகவே திருட்டுப் படியைப் பயன்படுத்தினால் என்ன?' என்று கேட்கிறார்கள். 1990களில் கள்ளக்குறிச்சி போன்ற ஊர்களில் திறந்த டி.டி.பி. கடைகளில் விலை கொடுத்து வாங்கிய மென்பொருளைக் காண்பது அரிதாகவே இருந்தது.

முதற்பாதி உண்மை. இன்றைய அரபுப் பத்திரிகைகள் வணிக ஏகபோகத்தைக் குறிக்க வழங்கும் சொல் 'இஹ்திகார்'. ஃபிக்ஹு நூல்களில் இது, விலையேறட்டும் என்று தானியத்தைப் பதுக்குவதைக் குறிக்கும் பழஞ்சொல். உணவுக்கு மட்டுமா இத்தடை என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இமாம் அபூஹனீஃபாவின் மாணவரும், கலீஃபா ஹாரூன் ரஷீதின் காலத்துத் தலைமைக் காழியுமாகிய இமாம் அபூயூசுஃப் (ரஹ்), எதனைத் தடுத்து வைத்தால் பொதுமக்களுக்குத் தீங்கு நேருமோ அதுவெல்லாம் இஹ்திகாரே என்றார். கி.பி. 798இல் மறைந்த அப்பெரியார் கணினியைக் கண்டவரல்லர். ஆயினும் அவர் வகுத்த அளவுகோல் கணினிக்கும் பொருந்துகிறது.

பிற்பாதியோ தவறு. 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமி, நூலாசிரியர் உரிமையும் கண்டுபிடிப்பாளர் உரிமையும் பாதுகாக்கப்பட வேண்டியவை என்று தீர்மானித்தது. ஆகவே ஒருவனுடைய அக்கிரமம் மற்றவனுடைய திருட்டை ஆகுமாக்காது. அன்றியும் திருட்டுப் படி எவரையும் விடுவித்ததில்லை. விலை கொடாமல் பழகிய கைகள் பின்னர் விலை கொடுக்கவும் அதையே தேடின. ஜாகீர்தாரின் தோப்பில் இரவில் பழம் பறிப்பவனுக்குத் தோப்பு சொந்தமாகிவிடுமா?

இனி நம் தமிழ் எழுத்துக்கு வருவோம். இக்கட்டுரைக்குத் தலைப்பு தந்த செய்தி இதுவே.

கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்தால்தான் அது நினைவில் வைக்கும். அக்காலத்து எழுத்துருக்களில் 256 இடங்களே இருந்தன; அவற்றில் முதற்பாதியை ஆங்கிலம் பிடித்துக்கொண்டது. நம் 247 எழுத்துகளை எஞ்சிய இடத்தில் எப்படி அடக்குவது? எழுத்துருச் செய்தவர் ஒவ்வொருவரும் தம் மனம்போல் எண் கொடுத்தனர். ஒருவர் 'அ'வுக்குக் கொடுத்த எண்ணை மற்றவர் 'கூ'வுக்குக் கொடுத்தார். விளைவு, ஓர் எழுத்துருவில் அடித்த கோப்பை மற்றொன்றில் திறந்தால் பொருளற்ற கிறுக்கலே திரையில் தோன்றிற்று. எழுத்துருவை விற்றவனிடமே மீண்டும் மீண்டும் செல்ல வேண்டியதாயிற்று. எழுதியவர் நாம், மொழியும் நம்முடையது, திறவுகோல் மட்டும் இன்னொருவர் இடுப்பில்! அரபு எழுத்துகளுக்குப் புள்ளியிட்டுத் தமிழ் ஒலிகளைக் குறித்து அரபுத்தமிழை ஆக்கிய நம் முன்னோர், அப்புள்ளிகளுக்கு எவரிடமும் உரிமத் தொகை வாங்கியதில்லை. காயல்பட்டினத்தில் எழுதிய கித்தாபைக் கீழக்கரையிலும் இலங்கையிலும் ஓதினார்கள்.

இச்சிறையிலிருந்து தமிழெழுத்து மீண்ட வரலாற்றில் தொண்டர்களின் பங்கு பெரிது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராயிருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' என்னும் எழுத்துருவை எவரும் பயன்படுத்துமாறு அளித்தார். பல நாடுகளில் சிதறியிருந்த தமிழர் மின்னஞ்சல் வழியே மாதக்கணக்கில் வாதாடி, 'திஸ்கி' என்னும் பொதுக் குறியீட்டை உருவாக்கினர். 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் அவர்கள் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். உலகெங்குமுள்ள அன்பர்கள் ஊதியமின்றித் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, தமிழ் இலக்கியங்களை எவரும் எடுத்துக்கொள்ள வைத்தனர். உமறுப் புலவரின் சீறாப்புராணமும் அவ்வாறு இணையமேறியது. அத்திட்டத்தில் உழைத்தவர்கள் எம்மதத்தார், எந்நாட்டார் என்று பிரித்துப் பார்த்தவர்களல்லர். நம் சமுதாயம் அவர்களுக்கு நன்றிக்கடன் பட்டுள்ளது.

1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டை ஒட்டி, தமிழ்நாடு அரசு தாம், தாப் என்ற குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. முரண்பாடு தீர வந்த மருந்தே இரண்டு மூன்றாகிப் புது முரண்பாடாயிற்று என்று அன்று பலர் நொந்துகொண்டனர். இறுதியில் நிலைபெற்றது யூனிகோடு. உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனி எண் வழங்கும் அந்நியமத்தில் 1991 முதலே தமிழுக்கு இடமுண்டு. 2000இல் வந்த விண்டோஸ் அதனை ஏற்றது. எ-கலப்பை போன்ற கட்டற்ற தட்டச்சுக் கருவிகள் அதனை வீடுதோறும் கொண்டு சேர்த்தன. 2003இல் தமிழ் விக்கிப்பீடியா தோன்றிற்று. 2010இல் தமிழ்நாடு அரசும் அதனை ஆணையிட்டு ஏற்றது. யூனிகோடு அமைப்பின் உறுப்பினர்களில் மைக்ரோசாஃப்ட், ஆப்பிள், கூகிள் முதலியோரும் உள்ளனர் என்பதை மறைப்பது நேர்மையாகாது. பெரு நிறுவனங்களைத் தீயோர் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்க நான் வரவில்லை. பொது நியமத்துக்கு அவர்களும் கட்டுப்பட்டபோதுதான் நன்மை விளைந்தது.

அரசுகள் என் செய்தன? எல்காட் நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராயிருந்த உமாசங்கர் அவர்கள் 2007ஆம் ஆண்டு வாக்கில் அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றினார். அதே ஆண்டில் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் 'பாஸ்' என்னும் இந்திய லினக்ஸை வெளியிட்டது. விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8 அன்று நிறுத்தியபோது, அரசுத் துறைகளை 'பாஸ்' பக்கம் திரும்புமாறு தமிழ்நாடு அரசு கூறிற்று. அண்டை மாநிலமாகிய கேரளமோ பள்ளிக்கூடங்களையே பிடித்தது. ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்து, பள்ளிக் கணினிக் கல்வியைக் கட்டற்ற மென்பொருளிலேயே நடத்தி வருகிறது. நாம் ஆணை பிறப்பித்தோம். அவர்கள் ஆசிரியரைத் தயாரித்தார்கள். முப்பது ஆண்டுகள் கற்பித்தவன் என்ற முறையில், இவ்விரண்டில் எது நிலைக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. கள்ளக்குறிச்சி 2019 வரை அடங்கியிருந்த விழுப்புரம் மாவட்டத்தில், லினக்ஸ் பயனர் குழு ஒன்று கிராமப்புற இளைஞர்க்கு இதனை இலவசமாகக் கற்பித்து வருவது ஆறுதல்.

இன்று ஜாகீர் கணினியிலிருந்து கைபேசிக்கு இடம்பெயர்ந்துள்ளது. ஆண்ட்ராய்டின் அடித்தளம் அதே கட்டற்ற லினக்ஸ்தான். ஆனால் அதனைச் சூழ்ந்து நிற்கும் கடையும் தேடுபொறியும் கூகிளுடையவை. வக்ஃபுக் கிணற்றைச் சுற்றிச் சுவரெழுப்பி வாயிலில் அமர்ந்த கதை! இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபர் 20 அன்று 1337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மறு ஆண்டு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது. கட்டளைகளில் சிலவற்றை நீக்கியது.

வாயிலில் அமர்பவர் வணிகர் மட்டுமல்லர். சில தளங்களை மட்டும் கட்டணமின்றித் திறந்துவிடும் ஃபேஸ்புக்கின் திட்டம், 2016 பிப்ரவரி 8 அன்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் விதித்த தடையால் நின்றது. நல்ல முடிவு. ஆனால் 2018 மே மாதம் தூத்துக்குடியில் துப்பாக்கிச் சூடு நடந்த மறுநாள், தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களில் இணையத்தையே அரசு நிறுத்தியது. அது ரமலான் மாதம். வளைகுடா நாடுகளிலிருந்த பிள்ளைகள் இணையவழி முகம் காண இயலாமல் தவித்ததைக் காயல்பட்டினத்துத் தாய்மார் மறந்திருக்க மாட்டார்கள். காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் தொடங்கிய தடை குறித்து 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம், இணையவழிக் கருத்துரிமைக்கு அரசியலமைப்பின் காப்பு உண்டு என்றும், கால வரையறையற்ற தடை செல்லாது என்றும் கூறியது. அதன் பின்னும் அங்கு அதிவேக இணையம் முழுமையாகத் திரும்ப 2021 பிப்ரவரி வரை காத்திருக்க நேர்ந்தது.

நம் ஜமாஅத்துகளுக்கு ஒரு சொல். 1990களிலும் அதற்குப் பின்னும் கணினியேறிய நிகாஹ் பதிவேடுகள், வக்ஃபுச் சொத்துக் குறிப்புகள், மதரஸா ஆண்டு மலர்கள் பல, பழைய எழுத்துருக்களில் குறுந்தகடுகளிலும் வன்தட்டுகளிலும் கிடக்கின்றன. எனக்குத் தெரிந்த ஒரு பள்ளிவாசலின் வரலாற்றுக் குறிப்பு அவ்வாறு கிடந்தது. அடித்துக் கொடுத்த கடை மூடப்பட்டுவிட்டது. எழுத்துருவின் பெயரை அறிந்தவரைக் கண்டுபிடிக்கவே ஒரு மழைக்காலம் ஆயிற்று. பழைய குறியீடுகளை யூனிகோடாக மாற்றும் கருவிகள் விலையின்றிக் கிடைக்கின்றன. மாற்றியதை லிபர் ஆஃபீஸ் போன்ற கட்டற்ற மென்பொருளின் திறந்த வடிவில் இரண்டு மூன்று இடங்களில் வைக்கலாம். கணினி தெரிந்த பிள்ளைகள் இருவரும், அவ்வூர்ப் பெயர்களைப் பிழையின்றி வாசிக்கத் தெரிந்த முதியவர் ஒருவரும் ஒரு விடுமுறைக் காலம் உட்கார்ந்தால் ஒரு மஹல்லாவின் பதிவேட்டுக்குப் போதும். அலமாரியில் இருக்கும் அப்பழைய கணினி இன்னும் எழுந்து நிற்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.