தைராய்டு நோயரின் மது ஏலாமை: கும்மிடிப்பூண்டித் தொழில்வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. எடுத்துக்கொண்ட பொருள்

"முன்னெல்லாம் ஒரு குவார்ட்டர் போட்டாலும் ஒண்ணும் பண்ணாது. தைராய்டு வந்ததிலிருந்து ரெண்டு மடக்குலேயே முகம் எரியுது, நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது." இவ்வகை முறையீட்டைக் கேட்ட மருத்துவர் பெரும்பாலும் தைராய்டு மாத்திரையின் அளவைச் சரிபார்ப்பார், குடியை விடச் சொல்வார். இரண்டும் செய்ய வேண்டியவையே. ஆனால் கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய்கண்டிகை, காக்களூர் தொழிற்பேட்டை போன்ற இடங்களில் வேலை செய்யும் ஒருவர் இப்படிச் சொல்லும்போது அவரிடம் கேட்க வேண்டிய மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு: ஆலையில் நீங்கள் எதைக் கையாளுகிறீர்கள்?

ஒரே ஆளிடம் தைராய்டு நோயும் மது ஏலாமையும் சேர்ந்து காணப்பட்டால், அவற்றுக்கிடையே மூன்று உறவுகள் இருக்கக்கூடும். முதலாவது, தைராய்டுக் கோளாறே ஏலாமையை உண்டாக்குவது. இரண்டாவது, இரண்டும் தற்செயலாகச் சேர்ந்திருப்பது. மூன்றாவது, இரண்டுக்கும் பின்னால் பொதுக்காரணம் ஒன்று இருப்பது. மருத்துவமனையில் முதல் உறவே உடனே நினைவுக்கு வருகிறது. தொழில்வட்டாரத்தில் மூன்றாவது உறவை விலக்கிய பிறகே முதலாவதை ஏற்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

2. வரையறை

மது ஏலாமை என்று நாம் குறிப்பது இதை: பிறருக்கு, அல்லது அதே ஆளுக்கு முன்பு, தீங்கு செய்யாத சிறிய அளவு மது, குடித்த சிறிது நேரத்தில், போதைக்குப் பொருந்தாத உடல் துன்பத்தை எழுப்புவது. முகச் சிவப்பு, படபடப்பு, தலைவலி, குமட்டல், மூச்சுத் திணறல், இரத்த அழுத்தச் சரிவு ஆகியவை அத்துன்பத்தின் வடிவங்கள்.

இதிலிருந்து மூன்றைப் பிரித்தறிய வேண்டும். ஒவ்வாமை, நோயெதிர்ப்பு மண்டலத்தின் செயல். மதுவிலுள்ள தானியப் புரதமோ வேறு சேர்மானமோ அதைத் தூண்டலாம். குடிவிடுப்புக் குறிகள், குடிக்காத நேரத்தில் வரும் நடுக்கமும் வியர்வையும் படபடப்பும். இவை தைராய்டு மிகைச்சுரப்பை அப்படியே ஒத்திருப்பதால் மருத்துவரே ஏமாறக்கூடும். மூன்றாவது, நச்சுச்சாராயம். குடித்துப் பல மணி நேரம் கழித்துப் பார்வை மங்கினால், வயிற்றில் கடும் வலி எழுந்தால், அது ஏலாமை அல்ல, மெத்தனால் நஞ்சு. 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளிலும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் உயிர்களைப் பறித்தது அதுதான். பார்வை மங்குகிறது என்றவரிடம் தைராய்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. அவரை உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.

3. மது உடலில் செல்லும் வழி

கல்லீரல் மதுவை இரு படிகளில் சிதைக்கிறது. முதற்படியில் ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ் என்னும் நொதி அதை அசெட்டால்டிஹைடாக மாற்றுகிறது. இரண்டாம் படியில் ஆல்டிஹைடு டிஹைட்ரோஜினேஸ் அந்த அசெட்டால்டிஹைடைத் தீங்கற்ற அசெட்டேட்டாக மாற்றுகிறது. இரண்டாம் நொதி தடைப்பட்டால் இடைப்பொருள் இரத்தத்தில் தேங்கும். முகம் சிவக்கும், நெஞ்சு துடிக்கும், குமட்டும். இதை அசெட்டால்டிஹைடுத் தேக்கம் என்று அழைப்போம். சீனர், ஜப்பானியர், கொரியர் ஆகியோரில் பலருக்கு இரண்டாம் நொதி பிறவியிலேயே வலுவிழந்திருக்கிறது. நம் மக்களிடையே அந்த மரபுமாற்றம் அரிது. ஆகவே நடுவயதில் புதிதாக முகம் சிவக்கத் தொடங்கும் தமிழ்த் தொழிலாளியிடம் மரபைத் தேடுவதைவிடப் புறக்காரணத்தைத் தேடுவதே முறை.

4. தைராய்டு வழி ஏலாமை

இதை இரு பிரிவாகக் கொள்ளலாம். தைராய்டு மிகைச்சுரப்பில் இதயம் ஏற்கெனவே விரைந்து துடிக்கிறது, தோலின் குருதிக்குழாய்கள் விரிந்திருக்கின்றன, வெப்பம் தாங்காது. மது இவற்றின் மேல் தன் பங்கையும் சேர்க்கிறது. அளவுமீறிய குடிக்குப் பின் இதயத் துடிப்பு ஒழுங்கிழப்பதை 1978-இல் அமெரிக்க மருத்துவர் பிலிப் எட்டிங்கர் 'விடுமுறை இதயம்' என்று பெயரிட்டு விவரித்தார். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் அதே தாளக்குலைவு மிகைச்சுரப்பிலும் தானாக வரும். இரண்டும் ஒருவரிடம் கூடினால் ஆபத்து உண்மையானது. படபடப்புள்ளவருக்கு இசிஜி எடுக்காமல் அறிவுரை மட்டும் சொல்லி அனுப்பக் கூடாது. நடுக்கத்துக்குத் தரும் புரோப்ரனலால் துடிப்பை அடக்கிவைப்பதால், மதுவினால் இரத்த அழுத்தம் சரியும்போது உடல் ஈடுகட்ட முடியாமல் மயக்கம் வரலாம்.

தைராய்டு குறைசுரப்பில் நிகழ்வது வேறு. இங்கே எல்லாம் மந்தம்: இதயத்தின் வெளியீடு, மூச்சின் தூண்டல், குடலின் அசைவு, மூளையின் விழிப்பு. மதுவும் விழிப்பைத் தணிப்பது. எனவே பழைய அளவே இப்போது கூடுதலாகத் தோன்றும். மறுநாள் சோர்வு நீளும். மது கல்லீரல் புதிதாகச் சர்க்கரை ஆக்குவதைத் தடுக்கிறது. குறைசுரப்பிலும் அவ்வாக்கம் தளர்கிறது. சாப்பிடாமல் குடிப்பவருக்கு இரத்தச் சர்க்கரை வீழ இது வழியாகும். ஆனால் குறைசுரப்பு இரண்டாம் நொதியைத் தடுக்கிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. சில நிமிடங்களில் பளிச்சென்று முகம் சிவப்பதைக் குறைசுரப்பின் கணக்கில் எழுதுவது பொருந்தாது. மந்தமும் நீடித்த அயர்ச்சியும் அதன் கணக்கு. எரியும் முகம் வேறெதன் கணக்கோ.

மது தைராய்டைக் கெடுக்கிறது என்ற பொதுநம்பிக்கையும் இங்கே ஆராயத்தக்கது. நெடுங்காலக் கடுங்குடி தைராய்டு ஹார்மோன் அளவுகளைக் குறைக்கிறது. ஆயினும் தன்னெதிர்ப்பால் வரும் குறைசுரப்பு அளவாகக் குடிப்போரிடம் குறைவாகக் காணப்பட்டது என்று 2012-இல் டென்மார்க்கிலிருந்து வெளிவந்த மக்கள்வழி ஆய்வு சொன்னது. அது குடிப்பதற்கான பரிந்துரை ஆகாது. இவ்விரண்டின் உறவு ஒற்றைத் திசையில் ஓடுவதல்ல என்பதற்கு மட்டும் அதை நாம் எடுத்துக்காட்டுகிறோம்.

5. தற்செயற் சேர்க்கை

இந்தியாவின் எட்டு நகரங்களில், சென்னை உட்பட, 5,376 வயதுவந்தோரைச் சோதித்து 2013-இல் வெளியான ஆய்வு, அவர்களில் 10.95 சதவீதத்தினருக்குக் குறைசுரப்பு இருப்பதைக் கண்டது. ஏறத்தாழ ஒன்பது பேருக்கு ஒருவர். இவ்வளவு பரவலான ஒரு நோய், வேறெந்தத் துன்பத்தோடும் தற்செயலாகவே அடிக்கடி சேர்ந்து நிற்கும். ஆய்வுக்கூட முடிவுகளும் குழப்பத்தைக் கூட்டுகின்றன. சிவப்பணுக்களின் பருமன் கூடுவது, ட்ரைகிளிசரைடு ஏறுவது, தசை நொதியான கிரியாட்டின் கைனேஸ் உயர்வது ஆகிய மூன்றும் குறைசுரப்பிலும் வரும், குடியிலும் வரும். இவற்றைக் கொண்டு எது எதன் விளைவு என்று தீர்ப்பளிக்க முடியாது.

6. தொழில்வழி ஏலாமை

மருத்துவ நூல்களில் ஓரிரு வரிகளில் கடந்துவிடப்படும் இப்பிரிவில் நாம் சற்றே தங்குவோம்.

1914-இல் ஜெர்மனியில் கால்சியம் சயனமைடு ஆக்கும் தொழிலாளர் மதுவைத் தாங்க முடியாதவராவதை மருத்துவர் கோல்ஷ் பதிவு செய்தார். 1937-இல் அமெரிக்க ரப்பர் துறையில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம்ஸ், தைரம் வகைச் சேர்மங்களைக் கையாளும் தொழிலாளர்கள் குடித்ததும் துன்புறுவதை எழுதினார்; குடிநோய்க்கு இது மருந்தாகுமோ என்ற வினாவையும் எழுப்பினார். தைரத்தின் நெருங்கிய உறவான டைசல்ஃபிரம் என்னும் சேர்மத்தின் இதே பண்பைக் கோபன்ஹேகனில் ஹால்டு, யாக்கோப்சன் என்னும் ஆய்வாளர் இருவரும் வேறொரு நோக்கத்தில் ஆராயும்போது கண்டறிந்தனர். 1948-இல் அது ஆன்டபியூஸ் என்ற பெயரில் குடிமீட்பு மருந்தாக அறிமுகமாயிற்று. இன்று குடிமீட்பு மையத்தில் கொடுக்கப்படும் மாத்திரையின் வரலாறு ரப்பர் ஆலையின் கலவைக்கூடத்தையும் தொட்டுச் செல்கிறது. இரண்டாம் நொதியை அம்மாத்திரை மீளாதபடி முடக்குவதால், மருந்தை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட மது தாங்காது.

ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதியூட்டும் செயல் வல்கனாக்கம். அதை விரைவுபடுத்தச் சேர்ப்பவை முடுக்கிகள். ஆலையில் ஆக்சிலரேட்டர் என்பார்கள். தைரம் அவற்றுள் ஒன்று. எத்திலீன் தயோயூரியா மற்றொன்று. நியோபிரீன் எனப்படும் செயற்கை ரப்பரில் பெல்ட், குழாய், கேஸ்கெட் செய்யும்போது சேர்க்கப்படுவது. எத்திலீன் தயோயூரியா என்ற பெயரின் பின்பாதியைத் தைராய்டு அறிந்தோர் உடனே இனங்காண்பர். தைராய்டு பெராக்சிடேஸ் என்னும் நொதியைத் தடுத்து ஹார்மோன் ஆக்கத்தை நிறுத்தும் கார்பிமசோல், புரோப்பைல்தயோயூராசில் ஆகிய மருந்துகள் எந்த வேதிக்குடியைச் சேர்ந்தவையோ அதே குடியைச் சேர்ந்தது இது. மிகைச்சுரப்புக்கு நாம் கொடுக்கும் மருந்தின் செயலை இதன் தூசி மூச்சுவழி உட்சென்று செய்ய வல்லது. பிரிட்டனில் 1984-இல் வெளியான சிறியதொரு ஆய்வில், இதைக் கலக்கும் தொழிலாளரின் தைராக்சின் அளவு பிறரைவிடத் தாழ்ந்திருந்தது.

கலவைக்கூடத்தில் ஒரே ஆள் ஒரே ஷிப்டில் இரு முடுக்கிகளையும் எடைபோட்டுக் கொட்டலாம். ஒன்று அசெட்டால்டிஹைடைத் தேக்கும். மற்றொன்று தைராய்டைத் தளர்த்தும். அவரிடம் நோயும் ஏலாமையும் சேர்ந்தே தோன்றும். தைராய்டு முதலில் கண்டறியப்பட்டுவிட்டால், ஏலாமை அதன் விளைவாகவே எழுதப்பட்டுவிடும். மூன்றாவது உறவு என்று நாம் சொன்னது இதுவே.

அளவோடு சொல்ல வேண்டிய இடமும் இது. பெரிய டயர் ஆலைகளில் முதன்மை முடுக்கி பெரும்பாலும் சல்ஃபீனமைடு வகை. மூடிய கலவைப் பொறிகளும் புகையுறிஞ்சிகளும் அங்கே உண்டு. எத்திலீன் தயோயூரியாவைத் தூளாக அன்றிப் பாலிமரில் கட்டுண்ட குருணையாக வாங்கினால் தூசி வெகுவாகக் குறையும். நம் கவலை, தூளைத் திறந்த சாக்கிலிருந்து கையால் அள்ளி எடைபோடும் சிறு பட்டறைகளைப் பற்றியது.

ரப்பருக்கு வெளியிலும் ஏலாமையை எழுப்பும் சேர்மங்கள் உண்டு. பொறியியல் பட்டறைகளில் உலோகத்தின் எண்ணெய்ப்பிசுக்கை நீக்கும் டிரைகுளோரோஎத்திலீன், குடித்த அரைமணி நேரத்தில் முகத்திலும் கழுத்திலும் திட்டுத்திட்டான சிவப்பை எழுப்பும்; அச்சிவப்பு ஒரு மணி நேரத்தில் மறையும். செயற்கைத் தோல் ஆக்கத்திலும் மருந்து ஆக்கத்திலும் கரைப்பானாகும் டைமெத்தில்ஃபார்மமைடு, கையாண்ட மறுநாள்கூட இதைச் செய்யும். ஆலைக்கு வெளியே வயலையும் மறக்கலாகாது: நிலக்கடலை விதைநேர்த்திக்குத் தைரம் பரிந்துரைக்கப்பட்டு வந்தது; பூஞ்சைக்கொல்லியான மாங்கோசெப் சிதைந்து எத்திலீன் தயோயூரியாவாகிறது. சிப்காட்டில் ஷிப்டும் ஊரில் ஒரு ஏக்கரும் வைத்திருப்பவருக்கு இரு பக்கமும் கணக்குண்டு.

7. மருந்துவழி ஏலாமை

மெட்ரோனிடசோல், டினிடசோல், செஃபோபெரசோன் போன்றவற்றோடு மது சேரும்போது டைசல்ஃபிரத்தை ஒத்த எதிர்வினை பதிவாகியுள்ளது. வயிற்றுப்போக்குக்கு மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரையைப் பலர் மருந்தாகவே எண்ணுவதில்லை, கேட்டாலன்றிச் சொல்லமாட்டார்கள். குறைசுரப்புக்குத் தரும் லெவோதைராக்சின் இவ்வகையைச் சேர்ந்ததன்று. குடிக்கும் நாளில் அதை விழுங்கினால் ஆபத்து என்று அஞ்சி அதை நிறுத்திவிடுவோர் நோயைத்தான் வளர்க்கிறார்கள். அதன் அரைவாழ்வு ஏறத்தாழ ஏழு நாள். ஒருநாள் தவறினால் பெரும் கேடில்லை, வாரக்கடைசிதோறும் தவறினால் கேடு உண்டு. இரவு ஷிப்ட் முடித்து வருவோர் வேலை நேரத்துக்கேற்ப வெறும்வயிறான ஒரு வேளையை மருத்துவரோடு பேசி நிலைப்படுத்திக்கொள்ளலாம்.

8. பகுத்தறியும் படிநிலைகள்

முதலில் காலம். குடித்து எத்தனை நிமிடத்தில் துன்பம் தொடங்குகிறது, எப்போது அடங்குகிறது. அரைமணிக்குள் எழும் சிவப்பும் துடிப்பும் அசெட்டால்டிஹைடுத் தேக்கத்தைச் சுட்டும். மெல்லக் கவியும் மந்தம் குறைசுரப்பைச் சுட்டும்.

அடுத்து முந்துபிந்து. ஏலாமை எப்போது தொடங்கியது: நோய் தெரிந்தபோதா, வேலைப்பிரிவு மாறியபோதா, புது மருந்து தொடங்கியபோதா. நோயரின் நினைவில் இவை ஒன்றோடொன்று கலந்துவிடும். ஆலையில் பிரிவு மாறிய மாதத்தைத் தனியே கேட்க வேண்டும்.

மூன்றாவது, விலகல். பொங்கலுக்கோ ஊர்த் திருவிழாவுக்கோ இரண்டு மூன்று வாரம் ஊருக்குப் போனபோது ஏலாமை தணிந்ததா என்பது மிகுந்த வலுவுடைய கேள்வி. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து வேலை செய்வோர் ஆண்டுக்கொருமுறை நீண்ட விடுப்பில் போகிறவர்கள். அவர்கள் மொழியறிந்த ஒருவர் உடனிருந்து இதைக் கேட்க வேண்டும். சோதித்துப் பார்ப்பதற்காக வீட்டில் குடித்துப் பார்க்குமாறு மட்டும் யாரும் சொல்லலாகாது. டைசல்ஃபிரம் வகை எதிர்வினை உயிரையும் வாங்கக்கூடும்.

நான்காவது, திருத்தம். மாத்திரையின் அளவை மாற்றி ஆறு முதல் எட்டு வாரம் கழித்தே, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனாகிய டிஎஸ்எச் நிலைகொள்ளும். அது சரியான எல்லைக்கு வந்த பின்னும் ஏலாமை தொடர்ந்தால், தைராய்டைக் காரணமாகக் கொண்ட கருத்தைக் கைவிட வேண்டும்.

9. பதிவுநிலை

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், தன் மூன்றாம் அட்டவணையில் அறிவிக்க வேண்டிய நோய்களை வரிசைப்படுத்தியது. 89-ஆம் பிரிவு, அந்நோயரைக் காணும் மருத்துவர் தலைமை ஆய்வாளருக்குத் தெரிவிக்கக் கடமைப்படுத்தியது. ஈயம், கார்பன் டைசல்பைடு, ஹாலஜன் ஏற்ற ஹைட்ரோகார்பன்கள் ஆகியவற்றின் நஞ்சேற்றம் அதில் இடம்பெற்றது. தொழில்வழித் தைராய்டுக் குறைவு இடம்பெறவில்லை. டிரைகுளோரோஎத்திலீனால் முகம் சிவந்தவரைப் பதிவு செய்ய அதில் வழி இருந்தது. முடுக்கித் தூசியால் தைராய்டு தளர்ந்தவரைப் பதிவு செய்யத் தனி இடம் இருக்கவில்லை. பதிவில்லாத நோய்க்குக் கணக்கில்லை, கணக்கில்லாததைத் தடுக்க ஆளில்லை. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி இவ்வட்டாரத்தின் நோயரைத் தொழில்வாரியாகப் பதிந்துவந்தால், சில ஆண்டுகளிலேயே விடை தெரியத் தொடங்கும்.

10. குடிக்காதோர்

ஏலாமை ஓர் அறிகுறி என்ற வகையில் குடிப்பவரிடம் மட்டுமே வெளிப்படும். அதே எடைபோடும் மேசையில் நிற்கும் குடிக்காத ஆணும், பெரும்பாலும் மது தொடாத பெண்ணும், அதே தூசியை உள்ளிழுத்தும் எந்த எச்சரிக்கையையும் பெறுவதில்லை. தைராய்டு நோய் பெண்களிடம் மிகுதி என்பதால் அவர்களிடம் அது கண்டறியப்பட்டால் யாரும் வியப்பதில்லை, காரணமும் தேடுவதில்லை. எனவே ஒரு பட்டறையில் ஒருவரிடம் தொழில்வழி ஏலாமை உறுதியானால், அவரோடு பணிபுரியும் அனைவருக்கும், குடிப்பவர் குடிக்காதவர் என்ற வேறுபாடின்றி, டிஎஸ்எச் சோதனை செய்யப்பட வேண்டும்; அந்தச் செலவு ஆலையைச் சேர்ந்தது.