உள்ளாட்சிப் பணியாளர் பயிற்சியும் களப்பயணமும்

ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி ஆகியவற்றில் வேலை பார்ப்போருக்குச் சட்டம், கணக்கு, குடிநீர், துப்புரவு, திட்டமிடல் முதலியவற்றில் அளிக்கப்படுவது உள்ளாட்சிப் பணியாளர் பயிற்சி. வகுப்பு, பயிலரங்கு, நன்றாக நடக்கும் வேறோர் ஊரை நேரில் காட்டும் களப்பயணம் ஆகிய மூன்றும் இதில் அடங்கும். இந்தியாவில், குறிப்பாகத் தமிழ்நாட்டில், இது வளர்ந்த வரலாற்றை இக்கட்டுரை கூறுகிறது.

முன்னோடிகள்

ரிப்பன் பிரபுவின் 1882ஆம் ஆண்டுத் தீர்மானம், உள்ளாட்சியை மக்களுக்கு அரசியல் கல்வி தரும் கருவியாகக் கண்டது. உள்ளாட்சி அமைப்புகளில் வேலை பார்த்த எழுத்தரும் வரி வசூலிப்பவரும் பெரும்பாலும் மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்தே தொழில் கற்றனர். பம்பாயில் 1926இல் தோன்றிய அகில இந்திய உள்ளாட்சி நிறுவனம், நகராட்சி அலுவலர்களுக்கும் துப்புரவு ஆய்வாளர்களுக்கும் பாடநெறிகள் நடத்தி இந்த நிலையை மாற்றத் தொடங்கியது.

களத்தில் கற்பிக்கும் வழக்கம் அரசுக்கு வெளியே பிறந்தது. அப்போது திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. ஊரக மையம் 1920களில் டி. ஸ்பென்சர் ஹேட்ச் பொறுப்பில் வளர்ந்தது. கோழி வளர்ப்பையும் தேனீ வளர்ப்பையும் அங்கு வந்தவர்கள் செய்துபார்த்தே கற்றார்கள். அதே காலத்தில் வங்கத்தில் தாகூரின் ஸ்ரீநிகேதனும் இவ்வழியில் சென்றது.

சமுதாய வளர்ச்சித் திட்டக் காலம்

ஆல்பர்ட் மேயர் 1948இல் உத்தரப் பிரதேசத்தின் எட்டாவாவில் தொடங்கிய முன்னோடித் திட்டத்தின் அனுபவம், 1952 அக்டோபர் 2 அன்று 55 பகுதிகளில் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்துக்கு அடித்தளமானது. அதன் அடிநிலைப் பணியாளர் கிராம சேவக். ஏறத்தாழ பத்து ஊர்கள் அவர் பொறுப்பில் இருந்தன. உழவு, கால்நடை, சுகாதாரம் என எல்லாவற்றிலும் ஊர்மக்களுக்கு அவர் வழிகாட்ட வேண்டியிருந்ததால், முதலில் ஆறு மாதமாக இருந்த பயிற்சி படிப்படியாக நீட்டிக்கப்பட்டது.

பல்வந்த்ராய் மேத்தா குழு 1957இல் மூன்றடுக்கு ஊராட்சி முறையைப் பரிந்துரைத்தது. மறு ஆண்டே முசூரியில் சமுதாய வளர்ச்சிக்கான மைய ஆய்வு நிறுவனம் அமைந்தது. அதுவே பின்னர் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சி நிறுவனமாக இயங்குகிறது.

சென்னை மாநிலத்தில் 1958ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின்படி ஒன்றியங்கள் அமைந்தபோது, வட்டார வளர்ச்சி அலுவலரும் அவர்கீழ் இருந்த பணியாளர்களும் உள்ளாட்சியோடு இணைந்தனர். இன்று மாநில ஊரக வளர்ச்சி நிறுவனம் மறைமலை நகரில் உள்ளது. பவானிசாகர், கிருஷ்ணகிரி, பட்டுக்கோட்டை, எஸ்.வி. நகரம், டி. கல்லுப்பட்டி ஆகிய ஊர்களில் மண்டல நிறுவனங்கள் உள்ளன. புதிதாகப் பணியில் சேரும் அமைச்சுப் பணியாளர்களுக்கான அடிப்படைப் பயிற்சியும் பவானிசாகரில் நடப்பதால், அவ்வூரின் பெயர் அரசு ஊழியர்களிடையே பயிற்சிக்கே மறுபெயராக வழங்குகிறது.

நகராட்சிப் பணியாளர்

நகர உள்ளாட்சிக்கு இந்த அக்கறை தாமதமாகவே வந்தது. நகராட்சி ஊழியர் பயிற்சி பற்றி ஆராய்ந்த நூருதீன் அகமது குழு 1963இல் அறிக்கை தந்தது. அதன் பின்னர் மும்பை, லக்னோ, ஐதராபாத் ஆகிய நகரங்களில் மண்டலப் பயிற்சி மையங்கள் உருவாயின. தமிழ்நாட்டில் கோயம்புத்தூரில் நகரியல் ஆய்வு நிறுவனம் நிறுவப்பட்டது.

73ஆம் திருத்தத்துக்குப் பின்

1993இல் நடைமுறைக்கு வந்த 73, 74ஆம் அரசியலமைப்புத் திருத்தங்கள் பயிற்சியின் அளவையே மாற்றின. தமிழ்நாட்டில் மட்டும் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகள் உள்ளன. அத்தனை ஊர்களுக்கும் ஒரே காலத்தில் செய்தி சேர்க்க வழி தேட வேண்டியிருந்தது. இஸ்ரோ 1995இல் தொடங்கிய செயற்கைக்கோள் பயிற்சி அலைவரிசை, ஒருவழிக் காட்சியும் இருவழிக் குரலும் கொண்டு பல மாவட்டங்களுக்கு ஒரே நேரத்தில் வகுப்பெடுக்க உதவியது.

மிகப் பெரிய முயற்சி கேரளத்தில் நடந்தது. 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தில் மாநில அளவில் சுமார் 600 பேரும், மாவட்ட அளவில் சுமார் 12,000 பேரும், ஊர் அளவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரும் பயிற்சி பெற்றனர். திருச்சூர் அருகே முளங்குன்னத்துக்காவில் 1990இல் அமைந்த உள்ளாட்சி நிர்வாக நிறுவனமான ‘கிலா’ இன்றும் அம்மாநிலத்தில் இப்பணியைத் தொடர்கிறது.

கற்பிக்கும் முறையும் மாறியது. 1980களின் இறுதியில் இந்தியாவில் பரவிய பங்கேற்பு முறை ஊரக மதிப்பீட்டில் பயிற்சி பெறுவோர் ஒரு தெருவுக்கே செல்கின்றனர். ஊர்மக்கள் தரையில் கோலப்பொடியால் ஊரை வரைகிறார்கள். கைபம்பு எங்கே, எந்தத் தெருவுக்குத் தண்ணீர் எட்டவில்லை, எந்த வீட்டில் கழிப்பறை இல்லை என்று கல்லும் இலையும் வைத்துக் காட்டுகிறார்கள். அலுவலகப் பதிவேட்டில் விடுபட்ட தெரு அந்த வரைபடத்தில் இடம்பெற்றுவிடுகிறது.

களப்பயணம்

களப்பயணத்தின் நோக்கம், தன்னைப் போன்ற ஓர் ஊழியர் செய்துகாட்டியதைக் கண்ணால் காண்பது. மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சி வங்கிக் கடன் பெற்று 350 கிலோவாட் காற்றாலை நிறுவியது. ஆலந்தூர் நகராட்சி ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பங்குத்தொகை திரட்டிப் பாதாளச் சாக்கடைத் திட்டத்தை நிறைவேற்றியது. மகாராஷ்டிரத்தின் ஹிவரே பஜார், மழைநீரைத் தேக்கி வறட்சியிலிருந்து மீண்டது. இத்தகைய ஊர்களே களப்பயணிகளை ஈர்த்தன.

நல்ல களப்பயணத்தில் கேள்விகள் கணக்கிலிருந்து எழுகின்றன. தமிழ்நாட்டு ஊராட்சியின் இரண்டாம் எண் கணக்கிலிருந்துதான் மின்வாரியத்துக்கும் குடிநீர் வாரியத்துக்கும் பணம் போகிறது. காற்றாலையைப் பார்க்கும் ஊராட்சிச் செயலர், கடன் தவணைக்கும் மின்கட்டணத்துக்கும் பணம் எப்படிப் பிரிந்தது, தீர்மானம் எப்படி எழுதப்பட்டது, தணிக்கை என்ன கேட்டது என்று விசாரித்தால் அந்தப் பயணம் பயன் தரும். குழுப்படம் எடுத்துத் திரும்பும் பயணத்தால் அவருடைய ஊருக்கு எதுவும் கிடைக்காது.

இன்றைய நிலை

பின்தங்கிய பகுதிகளுக்கான மானிய நிதி 2006 முதல் மாவட்டத்துக்கு ஆண்டுக்கு 1 கோடி ரூபாயைத் திறன் வளர்ப்புக்கென ஒதுக்கியது. 2018இல் தொடங்கிய ராஷ்ட்ரீய கிராம ஸ்வராஜ் அபியான் களப்பயணத்துக்கும் நிதி தருகிறது. 2020இல் அறிவிக்கப்பட்ட கர்மயோகி இயக்கம் பாடங்களை இணையவழிக்குக் கொண்டுசென்றது.

எழுபது ஆண்டுகளில் நிறுவனங்களும் நிதியும் பெருகின. பயிற்சி மேலிருந்து கீழே இறங்கும் வழக்கம் மட்டும் மாறவில்லை. மேல்நிலைத் தொட்டியைத் திறந்து மூடுபவரும், சாக்கடையில் வேலை செய்பவரும், குப்பையைத் தரம்பிரிக்கும் தூய்மைக் காவலரும் அதைக் கடைசியாகவே பெறுகின்றனர். மக்கள் நாள்தோறும் காணும் உள்ளாட்சி இவர்கள்தான். குளோரின் அளவு தவறினாலும், பாதுகாப்புக் கவசமின்றிச் சாக்கடைக் குழிக்குள் இறங்க நேர்ந்தாலும் இழப்பு உயிராகவே இருக்கும். எனவே ஒரு மாநிலத்தின் பயிற்சித் திட்டத்தை மதிப்பிட, அது எத்தனை அலுவலருக்குச் சான்றிதழ் கொடுத்தது என்பதற்கு முன், இவர்களில் எத்தனை பேரைச் சென்றடைந்தது என்பதையே பார்க்க வேண்டும்.