ஹம்சத்வனி பிறந்த கதை

முகூர்த்த நாளில் வாழப்பாடிக் கல்யாண மண்டபங்களின் பக்கம் போனால், நாயனத்தில் 'வாதாபி கணபதிம்' காதில் விழாமல் இராது. அதன் ராகம் ஹம்சத்வனி. தேவாரப் பண்களைப் போல இதுவும் பழங்காலத்தது என்றே பலர் எண்ணுகிறார்கள். இதன் வயதோ இருநூறு, இருநூற்றைம்பது ஆண்டுதான். இதை உண்டாக்கியவர் முத்துசுவாமி தீட்சிதரின் தந்தை இராமசுவாமி தீட்சிதர் (1735–1817) என்று சங்கீத மரபு சொல்கிறது.

திருவாரூரில் வாழ்ந்து, பிறகு சென்னையை அடுத்த மணலியில் முதலியார் குடும்பத்தின் ஆதரவில் இருந்தவர் அவர். 108 ராகங்களையும் தாளங்களையும் கோத்து ஒரே மாலிகை செய்யும் அளவுக்கு ராகங்களில் தோய்ந்தவர்.

சங்கராபரணத்தின் ஏழு சுரங்களில் மத்திமத்தையும் தைவதத்தையும் நீக்கினால் ஹம்சத்வனி. ச, ரி, க, ப, நி என்ற ஐந்துதான். ஏறும்போதும் அவையே, இறங்கும்போதும் அவையே. காந்தாரத்திலிருந்து பஞ்சமத்துக்கும், அங்கிருந்து நிஷாதத்துக்கும் தாவித்தான் போக வேண்டும். அந்தத் தாவலில்தான் ராகத்தின் துள்ளல் இருக்கிறது. மேல் சட்ஜத்தை ஒட்டி நிற்கும் காகலி நிஷாதம் அதற்குப் பளிச்சென்ற ஒளி தருகிறது. நான்கைந்து சுரம் கேட்டதுமே ராகம் பிடிபட்டுவிடும்.

சுரங்களை அடுக்கினால் மட்டும் ராகம் ஊரில் நிலைத்துவிடாது. பாடிப் பழகப் பாட்டு வேண்டும். அதை மகன் தந்தார். வாதாபி கணபதி மேல் முத்துசுவாமி தீட்சிதர் இயற்றிய கிருதி, தந்தையின் ராகத்தை வித்வான்களின் நாவில் ஏற்றியது. அவருக்குப் பின் மகா வைத்தியநாத ஐயர் (1844–1893) அதில் சங்கதி மேல் சங்கதியாகச் சேர்த்துப் பாட, கச்சேரியை அதைக் கொண்டே தொடங்கும் வழக்கம் வேரூன்றியது. நாயனக்காரர்கள் அதைக் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் கொண்டுபோனார்கள்.

தியாகராஜர் இதில் 'ரகுநாயகா' பாடினார். பாபநாசம் சிவன் 'மூலாதார மூர்த்தி' தந்தார். பம்பாயின் பேண்டி பஜார் கரானாவைச் சேர்ந்த அமான் அலி கான் இந்துஸ்தானி மேடையில் இதைப் பரப்பினார். 1994இல் 'மகாநதி' படத்தின் 'ஸ்ரீரங்க ரங்கநாதனின்' பாட்டுக்கும் இளையராஜா இதையே எடுத்தார்.

கச்சேரியில் 'வாதாபி' பாடுவோர் ராகத்தையும் தீட்சிதரையும் சொல்கிறார்கள். கூடவே இராமசுவாமி தீட்சிதரின் பெயரையும் ஒருமுறை சொல்லட்டும். இத்தனை பேர் பாடிய ராகத்தைத் தந்தவருக்கு அந்த மரியாதை சேர வேண்டும்.