இலை மஞ்சளாகுதா? தண்ணீர் ஊத்துறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

மொட்டைமாடித் தொட்டியில் ஆசையா வளர்க்கிற கறிவேப்பிலைச் செடி திடீர்னு மஞ்சளானா, உடனே என்ன செய்வோம்? இன்னொரு மக் தண்ணீர்! பல செடிகள் வாடுறதைவிட இப்படி மூழ்கித்தான் சாகுது. எந்த இலை முதல்ல மஞ்சளாகுதுன்னு கவனிங்க, பாதிக் காரணம் தெரிஞ்சிடும்.

அடி இலைகள் மட்டும் மஞ்சளா?

தழைச்சத்து குறைவா இருக்கலாம். சத்து போதாதப்போ, செடி பழைய இலையிலிருந்து எடுத்துக் கொழுந்துக்குக் கொடுத்துடும். 15 நாளுக்கு ஒருமுறை 2 கைப்பிடி மண்புழு உரம் போடுங்க. எப்பவாவது ஒண்ணு ரெண்டு இலை பழுத்து உதிர்ந்தா, அது இயல்புதான்.

கொழுந்து மஞ்சள், நரம்பு மட்டும் பச்சையா?

இரும்புச்சத்துக் குறைபாடு. சுண்ணாம்பு அதிகமுள்ள போர் தண்ணீரை ஊத்திக்கிட்டே இருந்தா, மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. மழைநீர் கிடைச்சா சேமிச்சு ஊத்துங்க. உரக்கடையில் கிடைக்கும் நுண்ணூட்ட உரத்தை, பாக்கெட்டில் சொன்ன அளவில் தெளிங்க.

செடி முழுக்க மஞ்சள், மண் சொதசொதன்னு இருக்கா?

காற்று கிடைக்காம வேர் அழுகுது. தண்ணீரை நிறுத்திட்டு, தொட்டியின் அடி ஓட்டை அடைச்சிருக்கான்னு பாருங்க. மண் நாறினா, செடியை எடுத்து, கறுத்த வேரை வெட்டிட்டு, புது மண்கலவையில் நடுங்க.

புள்ளி புள்ளியா மஞ்சளா?

இலையைத் திருப்பிப் பாருங்க. சாறு உறிஞ்சும் பூச்சிகள் இருந்தா, 1 லிட்டர் தண்ணீரில் 5 மி.லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளிங்க.

இனி தண்ணீர் ஊத்தும் முன் விரலை 2 அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்க. ஈரம் இருந்தா வேண்டாம். பழுத்த இலை மறுபடி பச்சையாகலையேன்னு கவலைப்படாதீங்க. புதுக் கொழுந்து பச்சையா வந்தா, செடி பிழைச்சிடுச்சு!