ஆங்கிலத் தொடர்ப் பகுப்பாய்வின் வரலாறு: சொல்வகையிலிருந்து தொடரமைப்பை நோக்கி

ஆய்வுச்சுருக்கம்

ஆங்கிலத் தொடர்களைப் பகுத்து அவற்றின் உறுப்புகளை அடையாளம் காணும் முறை, 16ஆம் நூற்றாண்டு முதல் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அடைந்த மாற்றங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. சொற்களுக்கிடையே உள்ள உறவு, சொற்கள் நிற்கும் இடம் ஆகிய இரண்டில் ஒன்றை விளக்க முனைந்த ஒவ்வொரு முறையும் மற்றொன்றை மறைத்தது என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: தொடரியல், சொல்வகை, தொடர் வரைபடம், அண்மையுறுப்பு, மாற்றிலக்கணம்.

முன்னுரை

'மான் புலியைப் பார்த்தது' என்னும் தொடரைப் 'புலியை மான் பார்த்தது' என மாற்றினாலும் பார்த்தது மானே. செயப்படுபொருளை 'ஐ' உருபு காட்டிவிடுகிறது. ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு இத்தகைய உருபு இல்லை. 'த டீர் ஸா த டைகர்' என்பதில் இரு பெயர்களும் இடம் மாறினால் பார்த்தது புலியாகிவிடும். ஆங்கிலத்தில் எழுவாயையும் செயப்படுபொருளையும் பெரும்பாலும் சொல்லின் இடமே உணர்த்துகிறது. எனினும், ஆங்கில இலக்கண மரபு நெடுங்காலம் இவ்வுண்மையை மையமாகக் கொள்ளவில்லை.

இலத்தீன் மரபின் தாக்கம்

கிரேக்க மொழிக்கு டயோனீசியஸ் திராக்ஸ் எட்டுச் சொல்வகைகளை வகுத்தார். இலத்தீனில் ஆர்ட்டிக்கிள் இல்லாமையால், உரோமானிய இலக்கணிகள் அதனை நீக்கி வியப்பிடைச்சொல்லைச் சேர்த்து எட்டு என்னும் எண்ணிக்கையைக் காத்தனர். 1586இல் வில்லியம் புல்லோகர் வெளியிட்ட முதல் ஆங்கில இலக்கண நூலும் இலத்தீன் மாதிரியையே பின்பற்றியது.

1795இல் லிண்ட்லி மரே யார்க் நகரப் பெண்கள் பள்ளி ஒன்றின் தேவைக்காக எழுதிய 'இங்கிலீஷ் கிராமர்', 19ஆம் நூற்றாண்டில் மிகப் பரவலாகப் பயன்பட்ட பாடநூல்களுள் ஒன்று. அது ஒன்பது சொல்வகைகளைக் கூறியது. சொற்பகுப்புப் பயிற்சியில் மாணவர் ஒவ்வொரு சொல்லையும் தனியே எடுத்து அதன் வகை, எண், இடம், வேற்றுமை ஆகியவற்றைக் கூறி, உரிய விதியையும் சுட்டினர். சொற்களை விதிகள் இணைத்தனவேயன்றித் தொடர் ஒரு முழுமையாகக் காட்சி தரவில்லை.

தொடர் வரைபடங்கள்

இந்நிலையில் முதல் மாற்றம் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நிகழ்ந்தது. நியூயார்க் மாநிலத்தின் ஹோமர் ஊரில் ஆசிரியப் பணியாற்றிய ஸ்டீபன் வாட்கின்ஸ் கிளார்க், 1847இல் வெளியிட்ட 'எ பிராக்டிகல் கிராமர்' நூலில் சொற்களை நீள்வட்டங்களுள் அமைத்து ஒன்றோடொன்று பிணைத்தார். சொல் ஆற்றும் பணியே அவரது வகைப்பாட்டின் அடிப்படை. இங்கிலாந்தில் 1852இல் ஜே. டி. மோரெல், ஜெர்மானிய இலக்கணி பெக்கரைத் தழுவித் தொடர்ப் பகுப்பாய்வு நூலொன்றை வெளியிட்டார்.

புரூக்ளின் பாலிடெக்னிக் நிறுவனத்தைச் சார்ந்த அலோன்சோ ரீட், பிரெய்னர்ட் கெல்லாக் ஆகியோர் 1877இல் 'ஹையர் லெசன்ஸ் இன் இங்கிலீஷ்' நூலில் கோட்டு வரைபடத்தைக் கையாண்டனர். இதில் எழுவாயும் பயனிலையும் ஒரு கிடைக்கோட்டின் மேல் அமையும். அக்கோட்டை ஊடறுக்கும் குத்துக்கோடு அவ்விரண்டையும் பிரிக்கும். ஊடறுக்காத சிறு குத்துக்கோடு வினையையும் செயப்படுபொருளையும் பிரிக்கும். அடைகள் சாய்கோடுகளில் கீழே தொங்கும். எச்சொல் எச்சொல்லைச் சார்ந்தது என்பது இதனால் தெளிவாயிற்று.

ஆனால் இத்தெளிவுக்கு ஓர் இழப்பும் உண்டு. 'வாட் டிட் ஷி ஸீ' என்னும் வினாத்தொடரில் 'வாட்' முதலில் நிற்கிறது. வரைபடத்தில் அது செயப்படுபொருளுக்குரிய இறுதியிடத்திற்குச் செல்கிறது. 'டிட்', 'ஸீ' இரண்டும் பயனிலையாக ஒன்றுசேர்கின்றன. உறவு சரியாகவே காட்டப்படுகிறது. எனினும், தொடரை வினாவாக்கும் சொல்வரிசை மறைந்துவிடுகிறது.

பொருளுக்கு மாற்றாக வடிவம்

20ஆம் நூற்றாண்டின் அமைப்பு மொழியியலார் இடத்திற்கு முதன்மை அளித்தனர். லெனார்ட் புளூம்ஃபீல்டு 1933இல் வெளியிட்ட 'லாங்குவேஜ்' நூலில் அண்மையுறுப்புப் பகுப்பை விளக்கினார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஃபிரைஸ், பதிவு செய்யப்பட்ட சுமார் 50 மணிநேரத் தொலைபேசி உரையாடல்களை ஆராய்ந்து, 1952இல் 'த ஸ்ட்ரக்சர் ஆஃப் இங்கிலீஷ்' நூலை வெளியிட்டார்.

மரபிலக்கணம் தொடரின் பொருளை முன்னரே அறிந்துகொண்டு, பின்னர் உறுப்புகளுக்குப் பெயரிடுகிறது என்பது ஃபிரைஸின் முக்கியமான மறுப்பு. பெயர்ச்சொல்லைப் பொருளாலும் பெயரடையைப் பணியாலும் வரையறுப்பது அளவுகோல்களைக் கலப்பதாகும் என்றும் அவர் காட்டினார். 'ரவுண்டு' என்னும் சொல் இடத்திற்கேற்பப் பெயராகவும் பெயரடையாகவும் வினையாகவும் முன்னிடைச்சொல்லாகவும் வினையடையாகவும் வரும். தனித்து நிற்கையில் அதன் வகையைத் தீர்மானிக்க இயலாது. எனவே, மாதிரித் தொடர் ஒன்றின் வெற்றிடத்தில் எச்சொற்கள் பொருந்துகின்றன என்று பார்த்து, 4 சொல்வகுப்புகளையும் 15 பணிச்சொல் குழுக்களையும் அவர் வகுத்தார்.

அண்மையுறுப்பு முறைக்கும் எல்லை இருந்தது. முன்னே நிற்கும் 'வாட்' இறுதியில் உள்ள வினையின் செயப்படுபொருள் என்பதை அடுத்தடுத்த உறுப்புகளைப் பிரிக்கும் முறையால் எளிதில் காட்ட இயலவில்லை. நோம் சாம்ஸ்கி 1957இல் வெளியிட்ட 'சின்டாக்டிக் ஸ்ட்ரக்சர்ஸ்' நூலில் தொடரமைப்பு விதிகளோடு மாற்று விதிகளையும் அமைத்தார். செயப்படுபொருள் வினைக்குப் பின் நிற்கும் அமைப்பிலிருந்து வினாத்தொடர் பெறப்பட்டது. கோட்டு வரைபடம் காட்டிய உறவும் அது மறைத்த வரிசையும் ஒரே விளக்கத்துள் இவ்வாறு இடம்பெற்றன.

முடிவுரை

மரேயின் சொற்பகுப்பு சொல்லை விளக்கித் தொடரைத் தவறவிட்டது. ரீட்–கெல்லாக் வரைபடம் உறவை விளக்கி வரிசையை மறைத்தது. அண்மையுறுப்புப் பகுப்பு வரிசையைப் பேணித் தொலைவில் நிற்கும் உறவை இழந்தது. ஆகவே, இவ்வரலாற்றைப் பிழையான முறை நீங்கிச் சரியான முறை வந்த கதையாகக் கொள்வது பொருந்தாது. ஒவ்வொரு முறையும் விட்ட இடைவெளியே அடுத்ததற்குத் தோற்றுவாயாயிற்று. சொல்வகை என்பது சொல்லுக்கு இயல்பாகவே ஒட்டிய பெயரன்று, தொடருள் அது பெறும் நிலையாகும் என்பதே இம்மாற்றங்கள் உணர்த்தும் முடிபு. உருபால் உறவுணர்த்தும் மொழியைத் தாய்மொழியாகக் கொண்டோர்க்கு ஆங்கிலத் தொடரமைப்பைக் கற்பிக்கும்போது, உறுப்பின் பெயரைக் கேட்பதற்கு முன் அதன் இடத்தைக் கேட்பதே பயனளிக்கும்.