கம்ப்யூட்டர்ல இருந்த ரோபோ டேப்லெட்டுக்கு வந்தது எப்படி? ஆப் நின்னுபோனா கிட் என்ன ஆகும்? முழு விளக்கம்

குழந்தைகளுக்கான ரோபோ கிட் வாங்கப் போனால், பெட்டி மேல் இப்போது பெரிய எழுத்தில் இருப்பது "மொபைல், டேப்லெட் ஆப் மூலம் இயக்கலாம்" என்ற வரிதான். 2000-களில் இதே மாதிரி பெட்டிக்குள் ஒரு சிடி இருக்கும். அதை வீட்டு கம்ப்யூட்டரில் போட்டு இன்ஸ்டால் செய்து, கேபிள் சொருகி, பிறகுதான் ரோபோ நகரும்.

சிடி போய் ஆப் வந்தது பார்க்க சின்ன மாற்றம் மாதிரி தெரியும். ஆனால் கம்ப்யூட்டர் மென்பொருளை அப்படியே டேப்லெட்டில் கொண்டுவந்து வைக்க முடியவில்லை. ப்ளூடூத், ஆப் ஸ்டோர் விதி, தொடுதிரை என ஒவ்வொன்றும் குறுக்கே நின்றது. ஆப் வந்த பிறகு புதிதாக ஒரு கவலையும் சேர்ந்தது. அந்த ஆப் நின்றுபோனால் ரோபோ என்ன ஆகும்?

ரோபோவுக்குள் என்ன ஓடுது?

ஒரு ஹாபி ரோபோவுக்கு இரண்டு மென்பொருள் வேண்டும். ஒன்று ரோபோவின் சிப்புக்குள்ளேயே இருக்கும் ஃபர்ம்வேர். மோட்டாரைச் சுற்றுவது, சென்சாரைப் படிப்பது இதன் வேலை. இன்னொன்று வெளியே, நம் கையில் இருக்கும் கம்ப்யூட்டரிலோ டேப்லெட்டிலோ ஓடுவது.

வெளியே ஓடும் மென்பொருளிலும் இரண்டு வகை உண்டு. "முன்னால போ, இடப்பக்கம் திரும்பு" என்று அந்தந்த நேரத்தில் கட்டளை அனுப்புவது ரிமோட் வகை. முழு புரோகிராமையும் எழுதி ரோபோவுக்குள் ஏற்றிவிடுவது இரண்டாவது வகை. இதில் டேப்லெட்டை அணைத்தாலும் ரோபோ தானாக ஓடும்.

ரிமோட் ஆப் செய்வது ஓரளவு சுலபம். புரோகிராம் எழுதும் மென்பொருளை டேப்லெட்டுக்குக் கொண்டுவந்ததுதான் பெரிய வேலை.

லெகோ மைண்ட்ஸ்டார்ம்ஸ்: மூன்று தலைமுறை

இந்த மாற்றத்தைப் புரிந்துகொள்ள நல்ல உதாரணம் டென்மார்க்கின் லெகோ நிறுவனம் கொண்டுவந்த மைண்ட்ஸ்டார்ம்ஸ்.

1998-ல் வந்த முதல் கிட்டில், கம்ப்யூட்டரில் இணைத்த ஒரு சின்ன கோபுரம் அகச்சிவப்புக் கதிர் வழியாக ரோபோவுக்கு புரோகிராமை அனுப்பும். டிவி ரிமோட் வேலை செய்யும் அதே தத்துவம்தான். 2006-ல் வந்த என்எக்ஸ்டியில் யூஎஸ்பி கேபிளும் ப்ளூடூத்தும் வந்தன. அப்போது ஐபோனே கிடையாது. அது வந்தது 2007-ல். ஐபேட் விற்பனைக்கு வந்தது 2010-ல்.

டேப்லெட் காலத்தை மனதில் வைத்து வந்தது 2013-ல் வெளியான ஈவி3. அதன் மையப் பகுதிக்குள் லினக்ஸ் ஓடியது. ப்ளூடூத் மெனுவில் ஐபோன், ஐபேடுக்கு என்றே தனியாக ஒரு டிக் இருந்தது. அந்த ஒரு டிக் ஏன் தேவைப்பட்டது என்பதில்தான் முதல் சிக்கல் இருக்கு.

ஆண்ட்ராய்டுக்கு ஓகே, ஐபேடுக்கு நோ. ஏன்?

பழைய கிளாசிக் ப்ளூடூத்தில் ரோபோவோடு பேசப் பெரும்பாலும் பயன்பட்டது சீரியல் முறை. கம்பி இல்லாத கேபிள் மாதிரி, ஒரு பக்கம் எழுத்தைப் போட்டால் மறுபக்கம் வரும். ஆண்ட்ராய்டு 2009-லேயே, அதன் 2.0 பதிப்பில், இதை ஆப் தயாரிப்பாளர்களுக்குத் திறந்துவிட்டது. அதனால்தான் என்எக்ஸ்டியை ஆண்ட்ராய்டு போனில் ஓட்ட லெகோவே ஒரு ஆப் வெளியிட முடிந்தது.

ஆப்பிள் அப்படி விடவில்லை. கிளாசிக் ப்ளூடூத்தில் ஒரு ஆப்பும் வெளிக் கருவியும் தகவல் பரிமாற வேண்டுமென்றால், அந்தக் கருவி ஆப்பிளின் எம்எஃப்ஐ திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும். அங்கீகாரச் சிப்பும் இருக்க வேண்டும். ஈவி3 இந்த வழியில்தான் ஐபேடோடு பேசியது. பழைய என்எக்ஸ்டியால் முடியவில்லை.

அர்டுயினோ வைத்து வீட்டிலேயே ரோபோ கார் செய்பவர்களுக்கு இது நேரடி அனுபவம். ஹெச்சி-05 என்ற மலிவான ப்ளூடூத் மாட்யூலை மாட்டினால் ஆண்ட்ராய்டு போனில் வேலை செய்யும். ஐபோன் ஆப்பில் எவ்வளவு தேடினாலும் இணையாது. மாட்யூல் பழுது இல்லை. அந்த வழியே அங்கு மூடியிருக்கிறது.

பிஎல்இ வந்ததும் என்ன மாறியது?

குறைந்த மின்சாரத்தில் ஓடும் ப்ளூடூத் வகையான பிஎல்இ, 2011-ல் ஐபோன் 4எஸ்ஸில் வந்தது. இதற்கு எம்எஃப்ஐ சிப் தேவையில்லை. ஆண்ட்ராய்டில் 2013-ல், 4.3 பதிப்பில் வந்தது. இதன் பிறகுதான் சின்ன நிறுவனங்களும் இரண்டு பக்கமும் ஓடும் ரோபோ ஆப்களைச் சுலபமாகச் செய்ய முடிந்தது.

ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. பிஎல்இயின் அடிப்படை அமைப்பில் ஒரு தடவைக்கு 20 பைட் தகவல்தான் போகும். "இடது மோட்டார் 60, வலது மோட்டார் 40" என்று சொல்ல இது தாராளம். ஒரு முழு புரோகிராமை ஏற்ற வேண்டுமென்றால் துண்டு துண்டாக வெட்டி அனுப்பி, மறுபக்கம் வரிசை மாறாமல் ஒட்ட வேண்டும். கேபிளில் நொடியில் முடிந்தது, இங்கே மெதுவாக நகரும். பிறகு வந்த கருவிகள் பெரிய துண்டுகளை ஏற்றுக்கொண்டதால் வேகம் கூடியது.

ரோபோ ஆப் லொகேஷன் கேட்பது ஏன்?

பொம்மை காருக்கு நான் இருக்கும் இடம் எதுக்கு என்று பல பெற்றோர் பயந்து 'வேண்டாம்' அழுத்திவிடுவது வழக்கம். ரோபோவும் இணையாது.

காரணம் இதுதான். பக்கத்தில் உள்ள ப்ளூடூத் கருவிகளின் பட்டியலை வைத்தே ஒருவர் எங்கே இருக்கிறார் என்று கணிக்க முடியும். அதனால் ஆண்ட்ராய்டு 6-ல் இருந்து, பிஎல்இ கருவிகளைத் தேடும் ஆப் லொகேஷன் அனுமதி வாங்க வேண்டும் என்று விதி வந்தது. ஆண்ட்ராய்டு 12-ல் இதற்கென்றே 'அருகில் உள்ள சாதனங்கள்' என்ற தனி அனுமதி வந்துவிட்டது. புது போனில் ரோபோ இணையவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இந்த அனுமதியைத்தான்.

ஆப் ஸ்டோர் போட்ட தடை

புரோகிராம் எழுதும் ஆப் என்றாலே, பயனர் எழுதும் கோடை அந்த ஆப் ஓட்ட வேண்டும். ஆரம்பத்தில் ஆப்பிள் இதற்கு இடம் தரவில்லை. பிள்ளைகள் பிளாக்குகளை அடுக்கிச் செய்யும் ஸ்கிராட்ச் புரோகிராம்களை ஓட்டிக் காட்டிய ஓர் ஆப், 2010-ல் ஆப் ஸ்டோரில் இருந்து நீக்கப்பட்டது. பிறகு விதி தளர்ந்தது. கோடிங் கற்றுத்தரும் ஆப்கள், கோடு முழுவதையும் பயனர் பார்க்கவும் திருத்தவும் முடிகிற மாதிரி இருந்தால் அனுமதி உண்டு.

இன்னொரு தடை ஃபிளாஷ். 2013-ல் வந்த ஸ்கிராட்ச் 2 ஃபிளாஷில் எழுதப்பட்டது. ஐபேடில் ஃபிளாஷ் ஓடாது. 2019 ஜனவரியில் ஸ்கிராட்ச் 3 வேறு தொழில்நுட்பத்தில் மறுபடி எழுதப்பட்ட பிறகுதான் டேப்லெட்டில் ஓடியது.

லெகோவுக்கும் இதே நிலைதான். ஈவி3-யின் கம்ப்யூட்டர் மென்பொருள், பொறியாளர்கள் பயன்படுத்தும் லேப்வியூவை அடிப்படையாகக் கொண்டது. டேப்லெட்டுக்கு வந்த பதிப்பில் அதன் சில மேம்பட்ட வசதிகள் இல்லை. பின்னர் ஸ்கிராட்ச் அடிப்படையில் புது மென்பொருள் வந்தது. 2017-ல் ஆப்பிளே தன் ஐபேட் கோடிங் ஆப்பான ஸ்விஃப்ட் பிளேகிரவுண்ட்ஸில் ஈவி3, ஸ்ஃபீரோ, டேஷ் போன்ற ரோபோக்களை இயக்க வழி செய்தது. 2010-ல் தடை போட்ட அதே இடத்தில், ஏழே வருடத்தில் இந்த மாற்றம்.

ரோபோ ஓடும்போது போன் வந்தா?

கம்ப்யூட்டரில் விசையை விட்டால் 'விட்டாச்சு' என்ற தகவல் உடனே மென்பொருளுக்கு வரும். டேப்லெட்டில் அப்படி நம்ப முடியாது. விரல் திரையில் இருக்கும்போதே அழைப்பு வரலாம், வேறு ஆப் திறக்கலாம். பின்னால் போன ஆப்பை டேப்லெட் சிறிது நேரத்தில் உறங்க வைத்துவிடும். 'நில்' என்ற கட்டளை போகவே போகாது. கடைசியாகக் கேட்ட 'முன்னால போ' கட்டளையோடு ரோபோ சுவரில் போய் மோதும், மேஜையில் இருந்தால் கீழே விழும்.

இதற்கான தீர்வு ஆப்பில் இல்லை, ரோபோவுக்குள் இருக்கு. ஆப் ஒவ்வொரு விநாடியும் பல தடவை கட்டளையைத் திரும்பத் திரும்ப அனுப்பும். அரை விநாடி போல எதுவும் வரவில்லை என்றால் ஃபர்ம்வேர் தானாகவே மோட்டாரை நிறுத்திவிட வேண்டும். சொந்தமாக ரோபோ செய்பவர்கள் முதலில் எழுத வேண்டிய வரிகள் இவைதான். பறக்கும் கருவி என்றால் இதை விட்டுவிடவே கூடாது.

ஆப் நின்னுபோனா?

சில ரோபோக்களில் மூளையே போனுக்குப் போய்விட்டது. 2016-ல் அமெரிக்காவின் ஆங்கி நிறுவனம் கொண்டுவந்த கோஸ்மோ, கைக்குள் அடங்கும் குட்டி ரோபோ. முகம் அடையாளம் காண்பது உட்பட யோசிக்கும் வேலையில் பெரும்பகுதியை போன் ஆப்தான் செய்தது. அடுத்து வந்த வெக்டருக்கு, பேச்சைப் புரிந்துகொள்ள நிறுவனத்தின் சர்வர் தேவைப்பட்டது. 2019-ல் ஆங்கி மூடப்பட்டது. நல்ல நிலையில் உள்ள ரோபோவை வைத்திருந்தவர்கள், சர்வர் இன்னும் எத்தனை நாள் ஓடும் என்று காத்திருக்க வேண்டியதாயிற்று. பிறகு வேறு நிறுவனம் அதன் உரிமைகளை வாங்கியது.

மைண்ட்ஸ்டார்ம்ஸையும் 2022 இறுதியோடு நிறுத்துவதாக லெகோ அறிவித்தது. கடைசி கிட்டின் ஆப் குறைந்தது 2024 இறுதி வரை இருக்கும் என்றது. ஆனால் ஈவி3 வைத்திருப்பவர்களுக்கு வேறு வழி இருந்தது. அதில் மெமரி கார்டு போட இடம் உண்டு. கார்டில் தன்னார்வலர்கள் செய்த ஈவி3டெவ் போன்ற திறந்த மென்பொருளை ஏற்றி, கம்ப்யூட்டரில் பைத்தான் எழுதி இன்றும் ஓட்டலாம். நிறுவனத்தின் ஆப் இல்லாவிட்டாலும் அந்த ரோபோ குப்பைக்குப் போகத் தேவையில்லை.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

* வீட்டில் உள்ள போன், டேப்லெட் மாடலிலும் அதன் பதிப்பிலும் ஆப் ஓடுமா என்று கிட் வாங்கும் முன்பே ஆப்பை இறக்கிப் பாருங்க.
* ஆப் கடைசியாக எப்போது அப்டேட் ஆனது என்று பாருங்க. பல வருடம் ஆகியிருந்தால் யோசிக்கணும்.
* இன்டர்நெட் இல்லாமல் ரோபோ ஓடுமா என்று கேளுங்க. சர்வரை நம்பி இருக்கும் ரோபோ, சர்வர் இருக்கும் வரைதான்.
* கம்ப்யூட்டரில் கேபிள் மூலமும் புரோகிராம் ஏற்ற முடியுமா? முடிந்தால் கிட்டின் ஆயுள் கூடும்.
* அர்டுயினோ, மைக்ரோபைத்தான் போன்ற திறந்த முறைகளை ஏற்குமா? ஏற்றால், நிறுவனம் போனாலும் வேறு மென்பொருள் கிடைக்கும்.
* ஐபோன், ஐபேட் மட்டும் இருக்கும் வீடு என்றால் பிஎல்இ அல்லது வைஃபை உள்ள மாட்யூலையே வாங்குங்க. ஹெச்சி-05 வேண்டாம்.

மோட்டாரும் சக்கரமும் பத்து வருடம் தாங்கும். ஆப் அத்தனை வருடம் தாங்குமா என்பது நிறுவனத்தின் கையில். அதனால் பெட்டியில் எத்தனை பாகம் இருக்கிறது என்று எண்ணுவதற்கு முன்னால், ஆப் இல்லாமல் இது ஓடுமா என்று கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேட்டுவிடுவது நல்லது.